கல்லின் மேல் ஒரு காடு: ஈப்போ மலைகளில் நாம் இழந்து வருவது என்ன?

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவைக் கடந்து போகாத மலேசியத் தமிழர்கள் குறைவுதான். தெற்கிலிருந்து வந்தால் கம்பாரைத் தாண்டியதுமே வெளிறிய பாறைகள் சுவர்போல எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். கோப்பெங், சிம்பாங் பூலாய், தம்பூன், சிம்மோர் என்று வழிநெடுக அவை நம்மோடு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பாறைகளின் தலையிலும் இடுக்கிலும் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பெரும்பாலோர் புதர் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் இந்த நாட்டின் மிக அரிய காடுகளில் ஒன்று அது. தினமும் கண்ணில் படுவதாலேயே அதன் அருமை நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

மலைக்காடு என்று சொன்னால் ஈப்போவாசிகள் கிழக்கே கைகாட்டுவார்கள். அங்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதன் உச்சி குனோங் கொர்பு, உயரம் 2,183 மீட்டர். ஏறக்குறைய 1,500 மீட்டருக்கு மேலே போனால் மரங்கள் குள்ளமாகிவிடும். கிளைகளில் பாசி போர்த்தியிருக்கும். மேகம் மரங்களைத் தழுவிச் செல்லும்போது அதிலுள்ள ஈரத்தை இலைகளும் பாசியும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. கிந்தா ஆற்றுக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் வருகிற நீரில் அந்த மலைகளின் பங்கு பெரிது. அந்தக் காடுகளுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. சாலை, காய்கறித் தோட்டம், மரம் வெட்டுதல் எல்லாம் மேலே மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் ஒரு ஆறுதல் உண்டு. அது நீண்டு கிடக்கும் ஒரே தொடர். அதன் பெரும்பகுதி நிரந்தர வனக் காப்பகம் என்று சட்டப்படி பெயர் பெற்றிருக்கிறது.

பள்ளத்தாக்கின் நடுவே தனித்தனியாக நிற்கும் சுண்ணாம்பு மலைகளில் பலவற்றுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. சட்டத்தின் கண்ணில் அவை பெரும்பாலும் கல்தான். இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியது.

மறுநடவு செய்தால் போதாதா?

நம்மவர்களிடம் காட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள். சுங்கை சிப்புட், சிம்மோர், கோப்பெங் வட்டாரத்தில் பாட்டனும் பாட்டியும் நிரை பிடித்து மரம் சீவிய குடும்பங்கள் எத்தனையோ. ரப்பர்த் தோட்டத்தையே நாம் "ரப்பர்க் காடு" என்றுதான் சொல்லிப் பழகினோம். அந்தக் காட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. 25, 30 ஆண்டுகள் பால் கொடுக்கும். பிறகு மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சில ஆண்டுகளில் மறுபடியும் நிழல் கட்டிவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் அப்படித்தான்.

ஆகவே, "மலையை வெட்டினால் என்ன, பிறகு மரம் நட்டுக்கொள்ளலாமே" என்று யாராவது சொன்னால், அது நம் காதுக்கு நியாயமாகவே படுகிறது. ரப்பரும் செம்பனையும் வெளியிலிருந்து வந்த பயிர்கள். ஒன்று பிரேசிலிலிருந்து வந்தது, மற்றொன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மனிதன் நட்டது, மனிதனே திரும்பவும் நடலாம். தானாக முளைத்து, தானாகச் சேர்ந்து, பல்லாயிரம் ஆண்டுகளாக ஓர் இடத்துக்கே பழகிப்போன காட்டுக்கு நாற்றங்கால் ஏது?

இதைத் தமிழ்நாட்டு நீலகிரி நன்றாகவே பட்டறிந்திருக்கிறது. அங்கே உயர்ந்த மலைகளில் மடிப்புக்கு மடிப்பு சிறு சிறு காடுகள் இருக்கும். அவற்றுக்கிடையே புல்வெளி விரிந்து கிடக்கும். அந்தக் காட்டுக்குச் "சோலை" என்று பெயர். நம் தமிழ்ச் சொல்லையே உலகத் தாவரவியலாளர்கள் "ஷோலா" என்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையர் காலத்திலும் அதற்குப் பிறகும் அந்தப் புல்வெளிகளில் யூகலிப்டஸ், சீகை ஆகிய ஆஸ்திரேலிய மரங்களை ஏராளமாக நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் புல்வெளியின் பெரும்பகுதி போய்விட்டது, சீகை தானாகவே பரவி இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று அதே மரங்களை அகற்றிப் புல்லையும் சோலையையும் மீட்கத் தமிழ்நாடு வனத்துறை பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. நீலகிரியில் குறைந்தபட்சம் மண்ணாவது மிச்சமிருக்கிறது. ஈப்போவில் நாம் வெட்டுவது மலையையே.

கல்லில் எப்படிக் காடு வளர்கிறது?

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. கடல் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் சேர்ந்து இறுகிய கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. கருங்கல்லை அது அவ்வளவாக அசைப்பதில்லை. சுண்ணாம்பையோ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். நம் நாட்டு மழை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் கரைந்து கரைந்துதான் செங்குத்தான பாறைகளும், ஊசி முனைகளும், குவா தெம்புருங் போன்ற குகைகளும் உண்டாயின.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு விதை விழுந்தால் என்ன ஆகும்? மண் விரற்கடை அளவுகூட இருக்காது. பெய்த மழை பிளவுகளில் இறங்கி ஓடிவிடும். வெயில் ஏறினால் பாறை சுடும். கல்லில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதைத் தாங்க முடியாத செடிகள் வாடிப்போகும். ஊருக்குள் நாள்தோறும் மழை பெய்தாலும் மலையுச்சியில் இருக்கும் செடிக்கு வாழ்க்கை ஏறக்குறையப் பாலைவன வாழ்க்கைதான்.

அதனால் இங்கே வாழக் கற்றுக்கொண்ட செடிகள் வேறெங்கும் பார்க்க முடியாத குணம் கொண்டவை. பாராபோயா என்று ஓர் இனம் இருக்கிறது. வறட்சி வந்தால் இலைகள் சுருண்டு காய்ந்து, செத்தே போனதுபோல் ஆகிவிடும். மழை பட்டதும் மறுபடியும் விரிந்து பச்சை பிடிக்கும். குகை வாயில்களின் நிழலில் மோனோபிளியா என்ற செடி வளர்கிறது. அதற்கு ஆயுளுக்கும் ஒரே ஓர் இலைதான். முளைத்தபோது இருந்த இரண்டு விதையிலைகளில் ஒன்று மட்டும் நிற்காமல் வளர்ந்து பெரிதாகும். பூவும் அந்த இலையின் அடியிலிருந்தே வரும். பார்த்தால் யாரோ கிள்ளிவிட்டுப் போன செடி மாதிரி இருக்கும்!

ஒரே மலையில் பல வீடுகள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். அடிவாரத்தில் ஈரமும் நிழலும் உண்டு, அங்கே பெரிய மரங்கள் நிற்கும். செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொள்ளும் செடிகள் வேறு. குகை வாயிலின் அரையிருட்டில் வாழ்பவை வேறு. உச்சியில் காற்றையும் வெயிலையும் தாங்கும் குட்டை மரங்கள் வேறு. 1970களில் தீபகற்பத்தின் சுண்ணாம்பு மலைகளை ஆராய்ந்த தாவரவியலாளர் சின் சீ சுங், அவற்றில் 1,200க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இருப்பதைப் பதிவு செய்தார். இந்த மலைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் தீபகற்ப நிலப்பரப்பில் அரை விழுக்காடுகூட வராது. பத்துமலை ஒன்றில் மட்டுமே 366 தாவர இனங்கள் இருப்பதாக 2021இல் வெளிவந்த ஆய்வு கணக்குச் சொல்கிறது. தைப்பூசத்துக்கு நாம் ஏறும் அதே பத்துமலைதான்.

ஒரு மலைக்கு ஓர் உயிர்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சுண்ணாம்பு மலைகள் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளைப் போன்றவை. சுண்ணாம்பில் மட்டுமே வாழும் ஒரு நத்தையோ செடியோ ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போக வேண்டுமானால், நடுவில் உள்ள சமவெளியைக் கடக்க வேண்டும். பல உயிர்களால் அது முடியாது. ஆகவே ஒவ்வொரு மலையிலும் அவை தனித்தனியே மாறி, தனி இனமாகவே ஆகிவிடுகின்றன. அந்த ஒரு மலை போனால் அந்த இனமும் உலகத்திலிருந்தே போய்விடும். தித்திவங்சாவில் பத்து ஏக்கர் அழிந்தால் அதே மரம் பக்கத்துச் சரிவில் இருக்க வாய்ப்புண்டு. இங்கே அந்த வாய்ப்பு இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, நடந்திருக்கிறது. பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்கு அருகே புக்கிட் பஞ்சிங் என்றொரு சுண்ணாம்பு மலை இருந்தது. பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்ற சின்னஞ்சிறு நத்தை அந்த மலையில் மட்டுமே வாழ்ந்தது. சில மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கல்லுடைப்பில் மலை முழுவதும் போயிற்று. நத்தையும் போயிற்று. இன்று அது அழிந்துபோன இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

நம் பேராக்கில் இதே கேள்வி எழுந்த இடம் சிம்மோர் அருகில் உள்ள குனோங் கந்தான். பல பத்தாண்டுகளாகச் சிமெண்டுக்காகக் கல் எடுக்கப்பட்டு வரும் மலை அது. ஒரு பக்கம் படிக்கட்டுபோல வெட்டி வெள்ளையாக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கம் இன்னும் காடு. குகைகளில் ஒரு பௌத்த மடமும் இருக்கிறது. நில உரிமை தொடர்பாக அந்த மடத்துக்கும் சிமெண்டு நிறுவனத்துக்கும் இடையிலான பிரச்சினை நீதிமன்றம் வரை போனது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

2013இல் அங்கே கல் எடுக்கும் பகுதியை விரிவாக்கும் திட்டம் வெளியே தெரிந்தபோது, அப்போதைய லஃபார்ஜ் மலேசியா நிறுவனத்தை நோக்கி ஆய்வாளர்களும் இயற்கை ஆர்வலர்களும் குரல் எழுப்பினார்கள். அந்தச் சமயத்தில் நடந்த ஆய்வுகளில் கிடைத்தவற்றைப் பாருங்கள். 2014இல் மட்டும் அந்த மலையிலிருந்து அறிவியலுக்குப் புதிதாக அறிமுகமானவை: வாட்டிக்கா கந்தானென்சிஸ் என்ற மரம், இது நம் ஊரில் ரெசாக் என்று சொல்லும் மரவகையைச் சேர்ந்தது, மெயோகைன் கந்தானென்சிஸ், இது சீதாப்பழக் குடும்பம், ஜிம்னோஸ்டாக்கியம் கந்தானென்ஸ், இது ஆடாதோடை, கனகாம்பரத்தின் உறவு, பிறகு குவா கந்தான் குகையின் பெயரையே தாங்கிய ஒரு பல்லி. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1997இல், லிஃபிஸ்டியஸ் கந்தான் என்ற சிலந்தி அங்கிருந்து விவரிக்கப்பட்டிருந்தது. குகைச் சுவரில் பட்டுநூலால் குழல் கட்டி, அதற்குக் கதவும் வைத்து, இரை வரும்வரை உள்ளே காத்திருக்கும் மிகப் பழைமையான சிலந்தி வகை இது.

பாதி வெட்டப்பட்ட ஒரு மலையில் இத்தனை கிடைத்தது என்றால், யாரும் சரியாக ஏறிப் பார்க்காத மற்ற மலைகளில் என்ன இருக்கும்?

அதே 2014இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நத்தைக்கு அறிவியலாளர்கள் வைத்த பெயர்தான் சுவையானது: சரோபா லஃபார்ஜி. அதன் கதி யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். கோபத்தோடு கொடி பிடிப்பதைவிட இது நல்ல யோசனை என்றே எனக்குப் படுகிறது. தன் பெயர் கொண்ட உயிரைத் தானே அழித்ததாக வரலாற்றில் இடம்பெற எந்த நிறுவனம்தான் விரும்பும்? மலையின் "டி பகுதி" எனப்படும் ஒரு பாகத்தைக் கல்லெடுப்பிலிருந்து விலக்கி வைப்பதாக நிறுவனம் அறிவித்தது. 2019இல் அந்த நிறுவனத்தை ஒய்டிஎல் சிமெண்டு வாங்கியது. இப்போது அதன் பெயர் மலாயன் சிமெண்டு. நத்தையின் பெயர் மட்டும் மாறவில்லை. மாற்றவும் முடியாது, உயிரியலில் அதுதான் விதி.

டுரியான் விரும்பிகள் கவனத்துக்கு

நத்தைக்கும் சிலந்திக்கும் இவ்வளவு கவலையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சுண்ணாம்புக் குகைகளில் கூட்டமாகத் தங்கும் ஒரு வகை வௌவால் பூந்தேன் குடித்து வாழ்கிறது. டுரியான் பூ பிற்பகலுக்கு மேல் விரிந்து, இரவில்தான் தேன் சுரக்கும். தேனீக்கள் அடங்கிவிட்ட நேரம் அது. அந்தி சாய்ந்ததும் குகையை விட்டுப் புறப்படும் இந்த வௌவால்கள், மரத்துக்கு மரம் போய்த் தேன் குடிக்கும்போது மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றன. பெத்தாய் மரத்துக்கும் அவையே துணை. ஓர் இரவில் பல பத்துக் கிலோமீட்டர் பறக்கக்கூடியவை என்பதால், குகை ஓர் ஊரிலும் அதன் பலன் வேறோர் ஊரிலும் இருக்கும். பீடோரிலோ தாப்பாவிலோ டுரியான் காய்ப்பு குறைந்தால் எங்கோ ஒரு குகையைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள்?

சிமெண்டு வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் மலைகளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. நாம் குடியிருக்கும் தரைவீடு, அடுக்குமாடி, பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக் கட்டடம் எல்லாவற்றிலும் சிமெண்டு இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் சூட்டில் சுட்டால்தான் சிமெண்டுக்கான கட்டி கிடைக்கும். கல்லைப் பொடியாக்கினால் அது வீட்டுச் சாயத்திலும், பிளாஸ்டிக்கிலும், காகிதத்திலும், பற்பசையிலும்கூடச் சேருகிறது. ஈயலம்பங்கள் 1980களில் மூடப்பட்ட பிறகு, தோட்டங்களும் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறிய பிறகு, இந்த வட்டாரத்தில் கல்லுடைப்பு பலருக்குச் சோறு போட்டிருக்கிறது. லாரி ஓட்டுபவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களிடம் போய் நத்தைக்காக வேலையை விடு என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

ஆனால் கல் வேண்டும் என்பதும், இந்த மலைதான் வேண்டும் என்பதும் ஒன்றல்ல. கிந்தா பள்ளத்தாக்கின் தரைக்கு அடியிலும் சுண்ணாம்புக் கல்தான் இருக்கிறது. ஈயம் எடுக்க மண்ணைக் கழுவியபோது அடியில் கூர் கூராய்ப் பாறைகள் தெரிந்ததைப் பழைய லம்பத்துக்காரர்கள் சொல்வார்கள். மலையை விட்டுவிட்டு நிலத்துக்குக் கீழே தோண்டலாம் என்று ஆய்வாளர்கள் யோசனை கூறுகிறார்கள். செலவு கூடும், நிலத்தடி நீரைக் கையாள வேண்டும், ஈப்போ வட்டாரத்தில் தரை திடீரென உள்வாங்கிய சம்பவங்கள் இருப்பதால் இடம் பார்த்துத்தான் தோண்ட வேண்டும். எளிதான வழி என்று யாரும் சொல்லவில்லை. மலையை வெட்டுவது மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அதில் அழியும் உயிர்களுக்கு யாரும் விலை போடாததுதான்.

இன்னொரு யோசனை, ஏற்கெனவே வெட்டப்பட்ட மலைகளிலேயே தொடர்ந்து வெட்டி, தொடாத மலைகளை விட்டுவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குனோங் கந்தானே வெட்டப்பட்ட மலைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. முதலில் ஆய்வு, பிறகு உரிமம். இந்த வரிசை மாறாமல் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நம் கோவில்களும் இந்த மலைகளும்

ஈப்போத் தமிழர்களுக்கு இந்த மலைகளோடு வேறு எவரையும்விட நெருக்கம் அதிகம். குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குத் தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து காவடிகள் புறப்படுவதை நான் விளக்க வேண்டியதில்லை. அதே குனோங் சீரோவில் 1973 அக்டோபர் 18ஆம் தேதி ஒரு பெரும்பாறை சரிந்து அடிவாரத்துக் குடியிருப்பின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். கச்சான் பூத்தே வியாபாரத்துக்குப் பேர்போன நம் மக்கள் அங்கே குடியிருந்தவர்கள். பின்னர் புந்தோங்கில் குடியேறினார்கள். இன்று புந்தோங் கச்சான் பூத்தே வாங்கிச் சாப்பிடும் இளையவர்களில் பலருக்கு அந்தத் துயரம் தெரியாது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? சுண்ணாம்பு மலையின் அடிவாரத்தில் ஒட்டி வீடு கட்டக் கூடாது, இடைவெளி விட வேண்டும் என்பது உயிர் காக்கும் விதி. கனிமவள, புவியியல் துறை அதை வலியுறுத்தி வருகிறது. அப்படி விடப்படும் இடைவெளியில் காட்டை அப்படியே இருக்க விட்டால், மலையின் மிக வளமான பகுதியான அடிவாரக் காடும் தப்பிக்கும். மனிதனைக் காக்கும் இடைவெளியும் மரத்தைக் காக்கும் இடைவெளியும் ஒரே துண்டு நிலம்தான். ஆனால் நடப்பில் அந்தத் துண்டு நிலம்தான் முதலில் போகிறது: காய்கறிப் பாத்தி, மீன் குளம், லாரி நிறுத்துமிடம், குப்பைக் குழி. அங்கே வைக்கும் தீ வறட்சிக் காலத்தில் பாறை மேல் ஏறினால், உச்சிச் செடிகளும் கருகிவிடும்.

கோவில்களையும் இதில் சேர்த்துத்தான் பேச வேண்டும். சிலர் கோபித்துக்கொள்ளலாம். குகைக்குள் சிமெண்டுத் தரை போடுவது, பாறைக்குச் சாயம் அடிப்பது, "சுத்தம் செய்கிறோம்" என்று குகை வாயிலில் உள்ள செடிகளைச் சுரண்டி எடுப்பது எல்லாம் நம் கோவில்களிலும் சீனர் குகைக் கோவில்களிலும் நடக்கின்றன. பக்தியில் குறை சொல்லவில்லை. குறிஞ்சி நிலத் தெய்வத்தைக் கும்பிடப் போகிற இடத்தில் குறிஞ்சியைச் சுரண்டாமல் இருக்கலாம் அல்லவா?

கோவில் நிர்வாகங்கள் நினைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 2012இல் பத்துமலையை ஒட்டி 29 மாடி அடுக்குமாடித் திட்டம் ஒன்று எழுந்தபோது, தேவஸ்தானமும் சுற்றுவட்டார மக்களும் எதிர்த்துத் திரண்டார்கள். சிலாங்கூர் அரசு வேலையை நிறுத்த உத்தரவிட்டது. அன்று குகைக்கும் மலைக்கும் ஆபத்து என்று பேசியவர்கள் தாவரவியலாளர்கள் மட்டும் அல்லர்; பக்தர்களும்தான்.

முடிவு யார் கையில்?

நம் அரசியலமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசின் பொறுப்பு. எனவே கோலாலம்பூரில் எத்தனை கருத்தரங்கு நடந்தாலும், ஒரு மலையைக் காப்பாற்றும் கையெழுத்து ஈப்போவில்தான் விழ வேண்டும். பேராக் மாநிலத்துக்கு அது தெரியாத வேலை இல்லை. 2001இல் மாநிலப் பூங்காக் கழகச் சட்டத்தை இயற்றி, 2007இல் 117,500 ஹெக்டர் பரப்புள்ள ரோயல் பெலும் காட்டை மாநிலப் பூங்காவாக அரசிதழில் வெளியிட்டது இதே மாநிலம்தான். அதோடு ஒப்பிட்டால் ஒரு சுண்ணாம்பு மலை கைக்குட்டை அளவு.

2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. கிந்தா, கம்பார் மாவட்டங்களின் குகைகளும் மலைகளும் இதனால் சுற்றுப்பயணிகளின் கண்ணில் பட்டன. 1959இல் வெளியுலகுக்குத் தெரியவந்த தம்பூன் பாறை ஓவியங்களும் இந்த வட்டாரத்தில்தான் உள்ளன. நல்ல தொடக்கம்தான். ஆனால் புவிப்பூங்கா என்ற பெயர் ஒரு கௌரவம். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மலையையும் அது தானாகவே காப்பாற்றிவிடாது. பூங்காப் பலகைக்குப் பக்கத்திலேயே கல்லுடைப்பு நடக்கலாம். வனக் காப்பகமாகவோ மாநிலப் பூங்காவாகவோ அரசிதழில் வந்த மலைக்குத்தான் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதையும் அரசு பிறகு நீக்க முடியும். நீக்குவதைக் கடினமாக்கவே 2022இல் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, பொது விசாரணை, மாற்று நிலம் போன்ற நிபந்தனைகளை நாடாளுமன்றம் சேர்த்தது.

அப்படியானால் நம்மைப் போன்ற சாதாரண மக்களுக்கு இதில் என்ன இடம்? அரங்கில் பலரும் கேட்ட கேள்வி இதுதான். ஓர் இடம் நிச்சயமாக இருக்கிறது, நாம் அதைப் பயன்படுத்துவதில்லை. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, எந்த நிலம் எதற்கு என்று தீர்மானிக்கும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஈப்போ என்றால் மாநகர் மன்றம், கம்பார் என்றால் மாவட்ட மன்றம். வரைபடத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு நிறம் இருக்கும். கல்லெடுப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா, காடாகவே விடப்பட்டிருக்கிறதா என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்சேபம் தெரிவிக்கக் கால அவகாசம் உண்டு. எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். பெரிய கல்லுடைப்புத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் இப்படியே மக்கள் பார்வைக்கு வரும்.

இந்த இரண்டுக்கும் போகிறவர்களில் நம்மவர்கள் மிகக் குறைவு. கோவில் நிர்வாகமோ, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, பழைய தோட்டத்து நண்பர்கள் குழுவோ இருவரை அனுப்பினால் போதும். போகும்போது மலையின் பெயர், அதன் நில எண், அடிவாரத்தில் எத்தனை வீடுகள், குகையில் கோவில் உண்டா என்ற விவரங்களைக் கையோடு கொண்டு போங்கள். கடிதம் மலாய் மொழியில் இருப்பது நல்லது. கொடுத்ததற்கு முத்திரை குத்திய நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சேபம் கொடுத்தவர் விசாரணைக்கு அழைக்கப்படலாம். அழைப்பு வரும்போது அந்த நகல் கையில் இருக்க வேண்டும்.